நாளை மூடுபனி

தொழிற்சாலை வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. தினமும் சாயங்காலம் அதில் ஒரே ஒரு வரி எழுதப்படும். அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் எஸ்டேட் ஆண்கள் அன்றிரவு எங்கே படுப்பது என்று முடிவு செய்தார்கள்.

'நாளை வெயில்' என்றிருந்தால் காட்டில். 'நாளை மூடுபனி' என்றிருந்தால் வீட்டில்.

காரணம் எளிது. ஆள் பிடிக்கும் லாரி தாப்பாவிலிருந்து மலையேறி வர வேண்டும். பெட்ரோல் கிடைக்காத காலம். முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே ஏறும் லாரி. பாதையோ வளைவுக்கு மேல் வளைவு. மூடுபனி இறங்கிவிட்டால் டிரைவருக்குத் தன் லாரியின் மூக்கே தெரியாது. அப்படித்தான் ஒன்று பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு பனி நாட்களில் லாரி பாதி வழி ஊரான ரிங்லெட்டைத் தாண்டுவதில்லை.

வெளிச்சமான காலை என்றால் பெரட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். பெயர் கூப்பிடுவதற்காகக் களத்தில் வரிசையாக நிற்கிறார்களே, அந்த ஆண்களில் திடமானவர்களாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போகும். சயாமுக்கு. அங்கே ரயில் பாதை போட்டு முடிந்துவிட்டது என்று பேச்சு. ஆனாலும் ஆள் கேட்பது நிற்கவில்லை. இந்த எஸ்டேட்டிலிருந்து போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை.

1944, தை மாதம். மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி.

பலகை மட்டும் லாரிக்காக வந்ததல்ல. அது வெள்ளைக்காரத் துரை காலத்தது, தேயிலைக்காக வைத்தது. பறித்த கொழுந்தைத் தொழிற்சாலை மாடியில் சாக்குத் தட்டுகளில் பரப்பி ஓர் இரவு வாட வைக்க வேண்டும். காற்று காய்ந்திருந்தால் மாடி ஜன்னல்களைத் திறந்துவிட்டால் போதும், மலைக்காற்றே வேலையை முடித்துவிடும். ஈரம் வரும் என்றால் ஜன்னல்களை மூடி, கீழே அடுப்பை எரித்து, சூட்டை மேலே ஏற்ற வேண்டும். திறந்த ஜன்னல் வழியே பனி புகுந்தால் கொழுந்து தண்ணீர் குடித்துப் புளித்துப் போகும். எனவே நாளைக் காலை எப்படி இருக்கும் என்று இன்று மாலையே சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் அமல்தாஸ், டீ மேக்கர்.

அவரிடம் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன. ஒன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டும் அளவு நெருங்கி வந்தால் காற்றில் ஈரம், விலகி நின்றால் வறட்சி. பிறகு வாசலுக்கு வந்து பிரிஞ்சாங் மலை உச்சியைப் பார்ப்பார். விரலை நக்கிக் காற்றில் தூக்குவார். அவ்வளவுதான் சாஸ்திரம். நாளைக்கு மட்டும்தான் சொல்வார். நாளை மறுநாள் எப்படி என்று யாராவது கேட்டால், "அதை மாதா கோயில்ல போய்க் கேளு" என்பார்.

அவர் சொன்னது அடிக்கடி தப்பியது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மலையில் வானிலை சொல்வது சுலபம் என்று மலையில் இருப்பவர்கள் யாரும் நினைப்பதில்லை.

ஆனால் அந்தத் தை மாதம் வானிலை அவரைக் கஷ்டப்படுத்தவே இல்லை. குளிர் வர வேண்டிய மாதத்தில் குளிர் வரவில்லை. மழையும் ஓய்ந்துவிட்டது. விடிந்தால் வெயில். பொங்கலன்று பெண்கள் கம்பளி போர்த்தாமல் வாசலில் உட்கார்ந்து சர்க்கரை இல்லாத பொங்கலைத் தின்றார்கள். பலகையில் தினமும் 'நாளை வெயில்'. அழித்து எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை.

இதமான வெயில். அருமையான காலைகள். ஆண்கள் இரவு தவறாமல் காட்டில் அட்டை கடிக்கக் கிடந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பனி இறங்காதா?

இந்த ஆசையை ஜப்பான்காரச் சார்ஜன்ட் மொரிதாவும் கண்டுபிடித்துவிட்டான்.

*

பிற்பகல். தொழிற்சாலை ஆபீஸ் அறை. மொரிதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ராஜநாயகம். தாப்பாவில் பள்ளிக்கூட கிராணியாக, குமாஸ்தா வேலையில் இருந்து, ஜப்பான் மொழியைச் சீக்கிரமாகப் படித்துக்கொண்டதால் வயிறு நிறையச் சாப்பிடும் வெகுசிலரில் ஒருவர்.

மொரிதா மெதுவாகப் பேசினான். ராஜநாயகம் அதே வேகத்தில் தமிழாக்கினார்.

"மூடுபனின்னு நீங்க எழுதுற நாள்ல பெரட்டுக்கு எல்லாரும் வர்றாங்க. வெயில்னு எழுதுற நாள்ல பொம்பளைங்களும் கிழவங்களும் மட்டும்தான் நிக்கிறாங்க. உங்க ஆளுங்க வெயிலுக்குப் பயப்படுறாங்களான்னு கேக்கறார்."

எதிரே அமல்தாஸ் நின்றிருந்தார்.

"நாளைக்கு எப்படி?"

"வெயில்."

"நிச்சயமா?"

"தெர்மாமீட்டர் ரெண்டும் நல்லா விலகி நிக்கிது. மலை உச்சி சுத்தமா இருக்கு. வெயில்தான்."

மொரிதா தலையசைத்தான். எழுந்து தொப்பியை அணிந்துகொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி ஒரு வாக்கியம் சொன்னான்.

ராஜநாயகம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தமிழாக்கினார்.

"மூடுபனின்னு எழுதணுமாம்."

மாடியில் யாரோ சாக்கை உதறினார்கள்.

"லாரி விடியறதுக்குள்ள வந்துரும். நீங்க இன்னிக்கி வீட்டுக்குப் போகக் கூடாது. பலகை விஷயத்தை யார்கிட்டயும் பேசக் கூடாது. தொழிற்சாலை வேலையைப் பத்தி மட்டும் பேசலாம். நான் கூடவே இருப்பேன்." ராஜநாயகம் குரலைத் தாழ்த்தினார். "பெரட்டுல ஆள் குறைஞ்சா லாரியில முதல் ஆள் நீங்க. ரெண்டாவது ஆள் யாருன்னு அவர் சொல்லல. எனக்குத் தெரியும், நான்தான்."

அமல்தாஸ் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் லியோனார்ட் கோடாலியை ஓங்கிக்கொண்டிருந்தான். அடுப்புக்காரன். அமல்தாஸின் தங்கை பார்பராவின் புருஷன். தோளும் மார்புமாக, லாரிக்காரன் தேடுகிற அதே உடம்பு. பார்பராவுக்கு இது நிறைமாதம். எந்த நாளும் வலி வரலாம். 'ஒரு ராத்திரியாச்சும் வீட்டுல இருங்களேன்' என்று அவள் அழுததையும், 'உங்க அண்ணன் பனின்னு எழுதட்டும், இருக்கேன்' என்று இவன் சொன்னதையும் அமல்தாஸ் நேற்றுத்தான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

சாக்பீஸை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

*

பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது சிங்காரத்தின் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. மேல் லயத்து வரிசை வீடுகளில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆண் அவன்தான். மற்றவர்கள் கொழுந்துக் கூடையோடு நிற்க, அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோல வாசிப்பான். தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வான்.

"சகலரும் கேளுங்க! நாளைக்கு..." நிறுத்தினான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். "மூடுபனி! டேய், மூடுபனிடா!"

கூட்டம் இரைந்தது. ஒரு கிழவி அமல்தாஸைக் கையெடுத்துக் கும்பிட்டாள், பனியை அவரே பையிலிருந்து எடுத்துவிட்டது மாதிரி.

"இன்னிக்கி எல்லாரும் அவனவன் பாயில, அவனவன் பொண்டாட்டி பக்கத்துல தூங்கலாம்னு டீ மேக்கர் ஐயா உத்தரவு!" என்றான் சிங்காரம்.

"அப்படியா எழுதியிருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எழுத்துக்கு நடுவுல இருக்கு. படிச்சவனுக்குத்தான் தெரியும்."

லியோனார்ட் கோடாலியைத் தோளில் போட்டபடி வந்து பலகையைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். மேகத்தின் பொட்டுகூட இல்லை.

"மச்சான், நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வானத்துக்கு ஒரு காப்பி அனுப்புனீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அமல்தாஸும் சிரிக்க முயன்றார். இரண்டடி தள்ளி ராஜநாயகம் நின்றிருந்தார். சிரிக்காத ஆண் அவர் ஒருவர்தான்.

பெண்களில் ஒருத்தி சிரிக்கவில்லை. வேலாயி. மாடியில் கொழுந்து பரப்புகிறவள். சிங்காரத்தின் மனைவி. அவள் பலகையைப் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாது. ராஜநாயகத்தின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆள் இதற்கு முன் எப்போது பலகைப் பக்கம் வந்திருக்கிறான்?

*

அன்றைய கொழுந்து மாடிக்கு ஏறிவிட்டது. லியோனார்ட் அடுப்பில் விறகு அடுக்கத் தொடங்கினான். பலகையில் பனி என்றால் கீழே நெருப்பு, மேலே ஜன்னல் மூடல். யாரும் சொல்லாமலே நடக்கிற காரியம்.

அமல்தாஸ் அடுப்பு அறைக்கு வந்தார். பின்னாலேயே ராஜநாயகம் வந்து முக்காலியில் உட்கார்ந்து, இலையில் சுற்றியிருந்த வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைப் பிரித்தார்.

"மாப்ள, இன்னிக்கி அடுப்பு வேணாம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு."

தொழிற்சாலை வேலை. அதைப் பற்றிப் பேசலாம் என்றுதானே உத்தரவு?

லியோனார்ட் விறகும் கையுமாக நிமிர்ந்தான். "என்னா மச்சான்? வாசல்ல மூடுபனின்னு எழுதிட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்றீங்க?"

"சொன்னதைச் செய்யேன்."

"கொழுந்து பூரா ஊறி நாசமாப் போயிரும் மச்சான்! அப்புறம் ஜப்பான்காரன் வந்து கேப்பான். நீங்க அடுப்புக்காரனைக் கை காட்டிட்டுப் போயிருவீங்க. நான் இருக்கேன்லா வாங்கிக் கட்டிக்க!"

ராஜநாயகத்தின் கையில் கிழங்கு பாதி வழியில் நின்றது.

நல்ல வேலைக்காரனால் வரும் ஆபத்து இதுதான். சோம்பேறியாக இருந்திருந்தால் 'அடுப்பு வேண்டாம்' என்றதும் விறகைப் போட்டுவிட்டுப் போயிருப்பான். லியோனார்ட் அடுப்பு மூட்டுவதில் ஒரு குறை வைக்காதவன். மச்சான் செய்கிற தப்பைத் திருத்தாமல் அவனால் இருக்க முடியாது.

"என்ன தகராறு?" என்றார் ராஜநாயகம்.

"ஒண்ணுமில்ல சார்" என்று அமல்தாஸ் ஆரம்பித்தார்.

"ஒண்ணுமில்லையா? நீங்களே கேளுங்க சார்..." என்று லியோனார்ட் திரும்பினான்.

மாடிப்படியின் மேலிருந்து ஒரு குரல் இறங்கியது.

"ஏ லியோனார்ட் தம்பி! டீ மேக்கரு நீயா அவரா? நேத்துக் கொழுந்து இன்னும் பாதி மேலயே கெடக்கு. மூடி வச்சா அவிஞ்சு நாறிப் போயிரும். மேல வா, ஜன்னல் எல்லாம் இறுகிப் போயிருக்கு. என் கைக்கு அடங்கல."

நேற்றுக் கொழுந்து எதுவும் மேலே இல்லை. காலையிலேயே உருட்டி முடித்தாயிற்று. லியோனார்டுக்கு அது தெரியும். அமல்தாஸுக்குத் தெரியும். ராஜநாயகத்துக்குத் தெரியாது. அவர் பள்ளிக்கூட கிராணி.

லியோனார்ட் வாயைத் திறந்தான். மச்சான் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு படியேறினான்.

மாடியில் தட்டுகளுக்கு நடுவே வேலாயி நின்றிருந்தாள். அவன் வந்ததும் முதல் ஜன்னலைத் தானே ஒரு தள்ளுத் தள்ளித் திறந்தாள். இறுகிப் போயிருக்கவில்லை.

"மரமண்டை, மரமண்டை! கீழ அந்த ஆளு ஜாகா மாதிரி காவலுக்கு உக்காந்திருக்கான். அவரு போர்டு எழுதும்போதும் ஒட்டிக்கிட்டே நின்னான். இன்னுமா வெளங்கல?"

"என்னாக்கா சொல்றீங்க?"

"போர்டுல எதை எழுதுன்னு அவருக்குச் சொல்ல ஒருத்தன் இருக்கான். கொழுந்துகிட்ட பொய் சொல்லச் சொல்லி எவன் சொல்லுவான்? ஜன்னலைத் திறக்கச் சொல்றாருன்னா நாளைக்கு வெயிலு. வெயிலுன்னா லாரி."

லியோனார்ட் அடுத்த ஜன்னலைத் திறந்தான். பிறகு அதற்கடுத்தது. வேகமாக.

*

எஸ்டேட்டில் எந்த லயத்தில் நின்று பார்த்தாலும் தொழிற்சாலை மாடி தெரியும். அந்தச் சாயங்காலம் வரிசையாக அத்தனை ஜன்னல்களும் திறந்து கிடந்தன. பலகை பனி என்கிறது. மாடி வெயில் என்கிறது. தொழிற்சாலையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்கள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள்.

மற்றவர்களுக்கு வேலாயி போய்ச் சொன்னாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக உப்பு கேட்டாள். எஸ்டேட்டில் யாரிடமும் உப்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே கதவைத் திறந்தவர்கள் ஏதோ விஷயம் என்று காதைக் கொடுத்தார்கள். இருட்டுவதற்குள் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தேயிலை வரிசைகளுக்குள் புகுந்து காட்டுப் பக்கம் கரைந்துபோனார்கள்.

பார்பரா தன் புருஷனிடம் பாயைச் சுருட்டிக் கொடுத்தாள். "அண்ணன் பனின்னுதானே எழுதினாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுதினாரு. உன் அண்ணன் எழுதினா எது நடக்கும்னு எனக்குத்தான் தெரியுமே."

வேலாயி கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். சிங்காரம் காலை நீட்டிப் படுத்திருந்தான். பாய்க்கு மேல் பழைய கம்பளி, அதற்கு மேல் அவன். முகத்தில் அப்படி ஒரு சுகம்.

"எந்திரிங்க. காட்டுக்குப் போங்க."

"எதுக்கு?"

சொன்னாள். அவன் முழுதாகக் கேட்டான். பிறகு சிரித்தான்.

"எழுதினதை நம்பாம ஜன்னலைப் பாத்துப் போகச் சொல்றியா? ஜன்னல் என்னா, பாசையா பேசுது?"

"வெளையாடாதீங்க. எல்லாரும் போயிட்டாங்க."

"எல்லாருக்கும் படிக்கத் தெரியாது. அதான் போயிட்டானுங்க. நான் என் வாயால படிச்சேன். ஊருக்கே படிச்சுச் சொன்னேன். சொன்னவனே காட்டுக்கு ஓடுனா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?"

"மதிப்பா முக்கியம்?"

"அட, முழங்காலைப் பாரு." வேட்டியை விலக்கிக் காட்டினான். அட்டை கடித்த இடங்கள் சீழ் வைத்திருந்தன. "இன்னிக்கி ஒரு நாள் விடு புள்ள. டீ மேக்கரு பொய் எழுதுற ஆளில்ல. தப்பா எழுதுவாரு, பொய்யா எழுத மாட்டாரு."

அவள் இழுத்துப் பார்த்தாள். திட்டினாள். கம்பளியைப் பிடுங்கினாள். அவன் கம்பளி இல்லாமலே தூங்கிப்போனான்.

*

விடிந்தது. எஸ்டேட்டில் பனி தவிர வேறு எதுவும் இல்லை.

இரவு எப்போதோ காற்று அடங்கியிருக்கிறது. பெர்த்தாம் பள்ளத்தாக்கிலிருந்து பனி வெள்ளையாக எழுந்து, தேயிலையை விழுங்கி, லயங்களை விழுங்கி, தொழிற்சாலை மாடி ஜன்னல்களுக்குள் தாராளமாக நுழைந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருந்தது. ஆபீஸ் அறை பெஞ்சில் படுத்திருந்த அமல்தாஸ் எழுந்து வாசலுக்கு வந்தார். பலகை எங்கே இருக்கிறது என்று கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவர் நம்பியது நடக்கவில்லை. அவரை எழுதச் சொன்னது நடந்திருந்தது.

தொழிற்சாலைக் கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு எட்டு அடித்தது. சேவல்களுக்கு அது ஆறரை. பெரட்டுக் களத்தில் கொம்பு ஊதினார்கள். பனிக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள். கிழவர்கள் வந்தார்கள். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே நிதானமாக, சிங்காரம் வந்தான்.

"எங்க போனானுங்க எல்லாரும்?" என்றான் உரக்க. "காட்டுல நனையறானுங்களா? நான் என்னா படிச்சேன்? மூடுபனி! வந்துச்சா இல்லையா?" வேலாயி இருக்கும் பக்கமாகத் திரும்பினான். பனியில் அவள் தெரியவில்லை. தெரிந்த மாதிரியே பேசினான். "ஜன்னலாம் ஜன்னலு!"

அவன் சொன்னது சரிதான். அந்தக் காலையில் அந்த மலையில் வானிலையைச் சரியாகச் சொன்ன ஒரே மனிதன் சிங்காரம்.

மொரிதா பனியைப் பார்த்தான். களத்தைப் பார்த்தான். எண்ணுவதற்கு அதிகம் இல்லை. வந்த ஆண்கள் களத்தைவிட்டுப் போகக் கூடாது என்று சிப்பாய்களுக்குச் சொல்லிவிட்டு, நேராகத் தொழிற்சாலை மாடிக்கு ஏறினான். பின்னால் ராஜநாயகம். அவருக்குப் பின்னால் அமல்தாஸ்.

மாடியில் கொழுந்து ஊறிக் கிடந்தது. தட்டுகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்தது. மொரிதா ஒரு பிடி அள்ளிப் பிழிந்தான். விரல்களுக்கிடையே பச்சைத் தண்ணீர் ஒழுகியது. ராணுவத்துக்குப் போக வேண்டிய தேயிலை. திறந்த ஜன்னல்களை வரிசையாகப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"ஜன்னலை ஏன் திறந்து வச்சீங்கன்னு கேக்கறார்."

அமல்தாஸ் இதற்கான பதிலை இரவெல்லாம் தயார் செய்திருந்தார். அந்தப் பதில் வெயிலுக்கானது. எனவே நடந்ததைச் சொன்னார்.

"நாளைக்கு வெயில்னு நான் அவர்கிட்டயே சொன்னேன். மூடுபனின்னு எழுதச் சொன்னார், எழுதினேன். கொழுந்துக்கு நான் நம்பினதைச் செஞ்சேன். நம்பினது தப்பாப் போச்சு."

ராஜநாயகம் மொழிபெயர்த்தார். அமல்தாஸ் சொன்னதைவிட மூன்று மடங்கு நீளமாக இருந்தது. நடுவில் இரண்டு தடவை குனிந்து வணங்கினார். மொரிதா அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு அமல்தாஸைப் பார்த்தான். ஒரு தடவை சிரித்தான். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே அமல்தாஸின் கன்னத்தில் அறை விழுந்தது. அவர் தட்டின் மேல் சாய்ந்து எழுந்தபோது வாயில் ரத்தம். ராஜநாயகத்துக்கும் ஒன்று விழுந்தது, பொதுவாக.

மொரிதா இறங்கிப் போனான். போகிறபோது பலகையைக் கையால் துடைத்து அழித்தான்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டார் அமல்தாஸ்.

ராஜநாயகம் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி உடையவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"உங்களுக்கு வானத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, ஆளுங்க காட்டுக்குப் போனதும் உங்களை நம்பாமத்தான்னு சொன்னேன். பொய்யா?"

"ஜன்னலைப் பத்தி?"

"எந்த ஜன்னல்?" என்றார் ராஜநாயகம். "எனக்கு நேத்து ஒண்ணும் புரியல. புரிஞ்சிருந்தா நானும் லாரியிலதான்."

*

அந்தப் பனி நிற்கிற பனி அல்ல. மலையில் அடை மழைக்குப் பின்னால் வருவது நாள் முழுதும் நகராது. இது இதமான நாட்களில் பள்ளத்தாக்கு விடுகிற மூச்சு. வெயில் ஏறியதும் நூல் நூலாகப் பிரிந்தது. முதலில் தொழிற்சாலைக் கூரை தெரிந்தது. பிறகு லயங்கள். பிறகு பெரட்டுக் களத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள். கிழவர்களுக்கு நடுவில் சிங்காரம் மட்டும் கறுப்பு முடியோடு தெரிந்தான்.

அப்போதுதான் கீழே, பாதை வளைவில், லாரி இருமுகிற சத்தம் கேட்டது. ரிங்லெட்டில் காத்திருந்திருக்கிறது.

மாடியில் வேலாயி ஊறின கொழுந்தைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் கூடையைப் போட்டாள். படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அமல்தாஸ் அவளுக்குப் பின்னால் ஓடினார்.

களத்துக்கு வருவதற்குள் லாரி திரும்பி நின்றுவிட்டது. பின்பக்கம் வேறு எஸ்டேட்டுகளில் ஏற்றிய ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். சிங்காரத்தை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அடம்பிடிக்கவில்லை. அவனுக்கு இன்னும் விஷயம் முழுதாக எட்டவில்லை போலிருந்தது.

"ராஜநாயகம் சார்! அவன் என் மாடி ஆளு, கொழுந்து பரப்பறவன்னு சொல்லுங்க!" என்று அமல்தாஸ் கத்தினார். வாயில் ரத்தத்தோடு கத்தியதில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

ராஜநாயகம் மொரிதாவைப் பார்த்தார். மொரிதா வேறெங்கோ பார்த்தான். ராஜநாயகம் அதை மொழிபெயர்க்காமல் விலகி நின்றார். கொழுந்தே இல்லாத மாடிக்குப் பரப்புகிறவன் எதற்கு?

லாரி நகர்ந்தது. சிங்காரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். வேலாயியைப் பார்த்துவிட்டான்.

"வேலாயி! பனி வந்துச்சுல்ல? நான் படிச்ச மாதிரியே வந்துச்சுல்ல?"

"வந்துச்சு!" என்று அவள் கத்தினாள். "வந்துச்சுங்க!"

அவள் கையில் இன்னும் ஒரு பிடி கொழுந்து இருந்தது.

*

மதியத்துக்கு மேல் ஆண்கள் காட்டிலிருந்து திரும்பினார்கள். லியோனார்ட் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். வரும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், உங்க ஆயுசுலயே போர்டுல எழுதினது முதல் தடவையா அப்படியே பலிச்சுது. அதைப்போய் நம்பாதேன்னு..." அமல்தாஸின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து நிறுத்தினான். அவருக்குப் பின்னால் பார்பரா நின்றாள். அவள்தான் சிங்காரத்தின் பெயரைச் சொன்னாள். லியோனார்ட் ஈரச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்தான்.

சாயங்காலம் புதுக் கொழுந்து வந்தது. கொழுந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வாசலில் பலகை வெறுமையாக இருந்தது. இனி எழுதக் கூடாது என்று உத்தரவு. வழக்கமாகக் கூடி நிற்பவர்கள் அன்றும் கொஞ்ச நேரம் வந்து நின்றார்கள். படிக்க எழுத்தும் இல்லை, படிப்பவனும் இல்லை. கலைந்து போனார்கள். தங்கள் தங்கள் வாசலுக்குப் போய் மாடியைப் பார்த்தபடி நின்றார்கள்.

வேலாயி வேலைக்கு வருவாள் என்று அமல்தாஸ் நினைக்கவில்லை. வந்திருந்தாள். தட்டுகளைக் கவிழ்த்துத் துடைத்து, புதுக் கொழுந்தை ஒழுங்காகப் பரப்பியிருந்தாள். தட்டுகளுக்கு நடுவே கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஐயா, திறக்கவா, மூடவா?"

அமல்தாஸ் தெர்மாமீட்டர்களைப் பார்த்தார். நன்றாக விலகி நின்றன. நேற்று நின்ற மாதிரியே. மலை உச்சி சுத்தம். விரலை நக்கித் தூக்கினார். காற்று இருந்தது. இரவிலும் இருக்குமா என்று அது சொல்லவில்லை.

திறந்து வைத்து மறுபடி பனி வந்தால் இன்னொரு மாடிக் கொழுந்து போகும். இந்தத் தடவை ராஜநாயகத்தின் நீளமான பேச்சு உதவாது. மூடி வைத்து வெயில் வந்தால்?

கீழே லயத்து வாசலில் லியோனார்ட் நின்றுகொண்டிருந்தான். பாய் இன்னும் சுருட்டப்படவில்லை. கையில் தொங்கியது.

"நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியல வேலாயி" என்றார் அமல்தாஸ்.

"அதை நான் கேக்கல. திறக்கவா, மூடவா?"

"திற."

அவள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். கடைசி ஜன்னலுக்கு நேர் எதிரே அவள் வீட்டுக் கதவு. பூட்டியிருந்தது. அந்த ஜன்னலையும் திறந்துவிட்டுக் கொக்கியை மாட்டினாள்.

கீழே லியோனார்ட் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான். மச்சானைத் திட்டவில்லை. தேயிலை வரிசைக்குள் இறங்கி நடந்தான்.